தீராத தலையிடியும் நாளுக்கு ஆறு பனடோலும்

'தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பார்கள். எனக்கு அது 14 வயதிலேயே வந்துவிட்டது. மாதத்தில் இரண்டு நாட்கள், வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல், சத்தி எடுத்துக்கொண்டு, லயத்துக் காம்பராவின் இருட்டு மூலையில் சுருண்டு கிடப்பேன். அம்மாவுக்கும் அதே வருத்தம். ஆனால் அவர் ஒரு நாளும் சுருண்டு கிடந்ததில்லை. பழைய சேலைத் துண்டொன்றால் நெற்றியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பிரட்டுக்குப் போய்விடுவார். (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தைத் தோட்டங்களில் பிரட்டு என்போம்.) படுத்தால் அன்றைய பேர் போய்விடும், சம்பளமும் போய்விடும். இப்படியொரு வீட்டில் வளர்ந்தபடியால், தலையிடியைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்றே எண்ணியிருந்தேன்.

2015இல் நான் சமூக சேவையாளராக வேலை தொடங்கிய புதிதில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் சந்தித்த ஒரு அக்கா அந்த எண்ணத்தை மாற்றினார். அவருடைய சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காணாதிருக்கச் சில விபரங்களை மாற்றியுள்ளேன்.

அவர் அந்தத் தோட்டத்து லயத்திலேயே பிறந்தவர். 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழருடைய கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்ட பின்னர், மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன எத்தனையோ குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று. அப்போது அவருக்கு 12 வயது. வன்னியில் காடு வெட்டி, வீடு கட்டி, கலியாணம் முடித்து, பிள்ளைகளைப் பெற்று வாழ்ந்தவர். 2009இல் கணவரையும் மூத்த மகனையும் பறிகொடுத்து, இளைய மகளோடு முகாமுக்கு வந்தார். அங்கிருந்து விடுபட்டதும் போக்கிடம் இல்லாமல், 27 வருடங்களுக்குப் பிறகு, பிறந்த லயத்துக்கே, தமக்கையின் காம்பராவுக்கே திரும்பினார்.

எங்கள் பெண்கள் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் வருவார். ஒரு கையால் இடது நெற்றிப்பொட்டை அழுத்திப் பிடித்தபடியே இருப்பார். "மண்ட வலிக்குது மிஸ்" என்பார். சொல்ல முடியாத துயரம் உடம்பின் வழியாகப் பேசும் என்று நான் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் போரின் உளப் பாதிப்புகளைப் பற்றி எழுதிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோரின் நூல்களிலும், உடம்பு நோவாக வெளிப்படும் மனவடு பற்றி வாசித்திருந்தேன். அது உண்மைதான். ஆகவே என் கொப்பியில் ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டேன்: 'இழப்பினால் ஏற்பட்ட தலையிடி.' அதற்குப் பிறகு எட்டு மாதங்களாக அவரிடம் வன்னியைப் பற்றிக் கேட்டேன். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தேன். தலையைப் பற்றி மட்டும் கேட்கவில்லை.

ஒரு நாள் அவரே பொறுமை இழந்து சொன்னார்: "மிஸ், நீங்க கோவிச்சுக்கக் கூடாது. எம்மகன் போனது எனக்கு நெஞ்சில இருக்கு. இது மண்டையில இருக்கு. நான் பெரியவளான வருசமே இது வந்திருச்சு. வன்னிக்குப் போறதுக்கு முன்னமே. எங்கம்மாவுக்கும் இருந்திச்சு."

எனக்கு இருக்கும் அதே வருத்தம். பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் இருவரும் பதுளை பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம். அங்கே எங்களைப் பார்த்தவர் ஒரு சிங்கள டொக்டரம்மா. கொஞ்சம் தமிழ் பேசினார், மிச்சத்தை நான் மொழிபெயர்த்தேன். அவர் கேட்ட முதற் கேள்வி என்னை யோசிக்க வைத்தது. எத்தனை நாள் தலையிடிக்கிறது என்று அவர் கேட்கவில்லை. தலையிடி துளியும் இல்லாத நாள் மாதத்தில் எத்தனை என்று கேட்டார். "ஒரு நாளும் இல்ல டொக்டர்" என்றார் அக்கா. என்ன குளிசை, எத்தனை என்று அடுத்த கேள்வி. அக்கா இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து ஒரு பனடோல் அட்டையை எடுத்து வைத்தார். விடியற்காலை மலைக்குப் போகுமுன் இரண்டு, பகலில் இரண்டு, படுக்கும்போது இரண்டு. முகாமில் பழகிய பழக்கம், ஆறு வருடமாக விடவில்லை. போட்டால் வலி போகுமா? "போவும். விடியும்போது திரும்ப வந்திரும்."

டொக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "இவருக்கு இருப்பது இரண்டு தலையிடி. ஒன்று தாயிடமிருந்து வந்தது. மற்றது இந்த அட்டையிலிருந்து வந்தது."

குளிசையே நோயாகும்போது

தாயிடமிருந்து வந்தது என்று அவர் சொன்னது ஒற்றைத் தலையிடியை. மைக்ரேன் என்பதும், யாழ்ப்பாணத்தில் கபாலக்குத்து என்பதும் இதைத்தான். பெரும்பாலும் தலையின் ஒரு பக்கத்தில் விண்விண்ணென்று துடிக்கும். ஏறி இறங்கி நடந்தால் கூடும். வயிற்றைப் பிரட்டும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. மருந்து எடுக்காவிட்டால் 4 மணித்தியாலம் முதல் மூன்று நாள் வரை நீடிக்கும். சிலருக்கு வலி வருமுன் கண் முன்னே வளைந்து வளைந்து ஒளிக்கோடு ஓடும், அல்லது பார்வையில் ஒரு துண்டு மறையும். பெயர் ஒற்றைத் தலையிடி என்றாலும் இரண்டு பக்கமும் வரலாம். மூக்கடைப்பும் கண்ணீரும் சேர்ந்து வருவதால் இதைப் பீனிசம் என்று நினைத்து வருடக்கணக்காக ஆவி பிடிப்பவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள்.

இது நரம்பும் மூளையும் சம்பந்தப்பட்ட நோய். தூக்கம், பசி, வெயில், மாதவிடாய் போன்ற மாற்றங்களுக்குச் சிலருடைய மூளை மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கூசும். அந்தக் கூச்சம் குடும்ப வழியாக வருவது. பூப்படையும் வரை ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் இந்த நோய், அதன் பின் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. மாதவிடாய்க்குச் சற்று முன் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பலருக்கு வலி வருவது இதனால்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் உலகில் 310 கோடிப் பேருக்கு ஏதோவொரு தலையிடி நோய் இருந்தது. அதில் பெண்களே அதிகம். இதைச் சொல்லக் காரணம், 'வேலைக் கள்ளிக்குச் சாக்கு' என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு நாமே அதை நம்பத் தொடங்கியிருப்பதுதான்.

இனி அட்டையிலிருந்து வந்த தலையிடி. ஒற்றைத் தலையிடி உள்ளவர் வலிக் குளிசையை அடிக்கடி எடுத்தால் மூளை அதற்குப் பழகி, குளிசையின் வேகம் குறையும் நேரத்தில் தானே வலியைக் கிளப்பத் தொடங்குகிறது. அந்த வலிக்கு மறுபடி குளிசை, மறுபடி வலி. சாதாரண பரசிட்டமோல் என்றால் மாதத்தில் 15 நாட்கள் அல்லது அதற்கு மேல், கொடீன் அல்லது கஃபீன் கலந்த குளிசை என்றால் 10 நாட்கள், இப்படி மூன்று மாதம் தொடர்ந்தால் இந்த நிலை வரலாம் என்பது மருத்துவக் கணக்கு. முழங்கால் வலிக்காகக் குளிசை எடுக்கிற, ஒற்றைத் தலையிடி இல்லாத ஒருவருக்குப் பொதுவாக இப்படி நடப்பதில்லை. ஆகவே 'அவ போடுறா, அவளுக்கு ஒன்றுமில்லையே' என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

விடுவதற்கு வழி? நிறுத்துவதுதான். பரசிட்டமோலை ஒரேயடியாக நிறுத்தலாம். கொடீன் கலந்ததையும் நித்திரைக் குளிசைகளையும் டொக்டரிடம் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. நிறுத்திய முதல் வாரம் வலி கூடும் என்று டொக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொல்லியிருந்தும் நாங்கள் தயாராக இருக்கவில்லை.

அக்கா நான்கு நாட்கள் வேலைக்குப் போகவில்லை. நான்கு பேர் போயிற்று. மூன்றாம் நாள் நான் போனபோது சத்தி எடுத்து எடுத்துக் களைத்துக் கிடந்தார். தமக்கை என் முகத்தைப் பார்த்தே சொன்னார்: "ரெண்டு பனடோலப் போட்டா எந்திரிச்சுப் போயிருவா. இந்த மிஸ் வந்து கெடுத்துப்புட்டா." பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. கீழே கடைக்குப் போய் ஓர் அட்டை வாங்கி வந்து கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த நாலு நாள் சம்பளத்தை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு இன்றும் என்னிடம் பதில் இல்லை. குளிசையை நிறுத்தப் போகிறவர்கள் தீபாவளிக்கு முன்போ பாடசாலை தொடங்கும் மாதத்திலோ தொடங்காமல், கொஞ்சம் கை தாங்கக்கூடிய காலம் பார்த்து, வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது என்று மட்டும் இப்போது சொல்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அக்கா வலியில்லாமல் எழும்பினார். "சத்தமே இல்லாம இருக்கு மிஸ்" என்றார்.

இரவில் எடுக்க அமிற்றிப்டிலின் 10 மில்லிகிராம் குளிசை கொடுத்திருந்தார்கள். இது வலி வந்த பின் எடுப்பதல்ல, வராமல் தடுப்பது. பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம் பிடிக்கும். வாய் உலரும், தூக்கம் கூடும். பக்கத்துக் காம்பராக்காரர் 'அது பைத்தியத்துக்குக் குடுக்கிற மருந்து' என்று சொல்லிவிட, அக்கா ஒரு வாரம் அதைத் தொடவில்லை. கூடிய அளவில் அது மனச்சோர்வுக்கும் கொடுக்கப்படுவது உண்மை. சிறிய அளவில் நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலையிடிக்கும் கொடுக்கப்படுகிறது. புரொப்பிரனலோல் என்ற குளிசையும் இதற்குப் பயன்படும், ஆனால் தொய்வு உள்ளவர்களுக்கு அது ஆகாது. வல்புரோவேற் என்ற மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும். ஆகவே பிள்ளை பெறும் வயதிலுள்ளவர்கள் அதைத் துண்டில் கண்டால் கட்டாயம் கேளுங்கள். கண்முன் ஒளிக்கோடு தெரிகிற தலையிடி உள்ளவர்கள், குடும்பக் கட்டுப்பாட்டுக்குத் தினமும் விழுங்கும் இரு ஹோர்மோன் கலந்த குளிசையைத் தவிர்த்து வேறு முறை கேட்க வேண்டும். பாரிசவாத ஆபத்து அதில் கூடுகிறது.

வலி வந்தால் குளிசையே எடுக்கக் கூடாதா என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்கிறார்கள். எடுக்கலாம். வலி தொடங்கிய உடனேயே, போதிய அளவில் எடுக்க வேண்டும். முழுதாக ஏறும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்து பிறகு எடுத்தால், வயிறு அதை உறிஞ்சாது. 500 மில்லிகிராம் பரசிட்டமோல் என்றால் ஒருமுறைக்கு இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு முன் திரும்ப எடுப்பதில்லை, 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் கூடவே கூடாது. 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் இந்த அளவு கூட. எங்கள் மலைகளில் 50 கிலோவைத் தாண்டாத பெண்கள் நிறையப் பேர், ஆகவே உங்கள் அளவை டிஸ்பென்சரியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எதுவானாலும் வாரத்தில் இரண்டு நாட்களுக்கு மேல் வேண்டாம். காய்ச்சலோடு வரும் தலையிடிக்கு அஸ்பிரினோ ஐபுபுரோஃபெனோ எடுக்காதீர்கள், டெங்கு என்றால் இரத்தக் கசிவு வந்துவிடும்.

மலையில் ஒரு நாள்

டொக்டரம்மா கேட்ட மூன்றாவது கேள்வி: காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்? அக்கா சிரித்துவிட்டார். நான்கு மணிக்கு எழும்பி, விறகுப் புகையில் சமைத்து, மகளை வெளிக்கிடுத்தி, ஒரு கோப்பை சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு மலையேறுபவர். ரொட்டி துணியில் முடிந்து கூடவே போகும், பத்து மணிக்குத்தான் அவிழும். பசி ஒற்றைத் தலையிடியைக் கிளப்புகிறவற்றில் முக்கியமானது.

அடுத்தது தண்ணீர். பல தோட்டங்களில் பெண்கள் வேலை நேரத்தில் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் இல்லாமல் அல்ல. மலையில் மலசலகூடம் இல்லை, கங்காணி பார்த்துக்கொண்டு நிற்கிறார், ஒதுங்குவது எங்கே? அதனால் காலையிலிருந்தே வாயைக் கட்டிக்கொள்கிறார்கள். எங்கள் குழு இதற்காக நிர்வாகமொன்றுக்குக் கடிதம் கொடுத்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு கூடு கட்டித் தந்தார்கள், தண்ணீர்க் குழாய் இல்லாமல். இப்போது பெண்கள் இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் காவல் நின்று போகிறார்கள். போத்தலில் தண்ணீர் கொண்டுபோவது கூடியிருக்கிறது.

கூடையோ சாக்கோ, அதன் கயிறு தலையில்தான் தொங்குகிறது. மணிக்கணக்காக ஒரே இடத்தை அழுத்தினால் அந்த அழுத்தமே வலியைக் கொண்டுவரும். கயிற்றை இறக்கி ஒரு மணித்தியாலத்துக்குள் அந்த வலி குறைந்துவிட்டால் காரணம் கயிறுதான் என்று கொள்ளலாம். துணியைத் தடிப்பாக மடித்துக் கயிற்றுக்கு அடியில் வைப்பதும், பட்டையை அகலமாக்குவதும், நிறையும் வரை பார்த்துக்கொண்டிராமல் நிறுவைக்கு இறக்குவதும் உதவும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வீசும் வறண்ட காற்றும் வெயிலும் சேர்ந்தால் இன்னும் மோசம். அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலையின் பேர்போன வாசனை ஏறுகிறதாம். குடிப்பவர்களுக்கு நல்ல காலம்.

அக்கா செய்த மாற்றம் பெரிதல்ல. பாதி ரொட்டியை வீட்டிலேயே சாப்பிட்டார், மீதியைப் பத்து மணிக்கு. ஒரு போத்தல் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்துக்கு எழும்பினார், ஏனென்றால் கூடத் தூங்கினாலும் தலையிடி வரும். வயலிலோ, ஆடைத் தொழிற்சாலையிலோ, கடற்கரைக் கருவாட்டு வாடியிலோ வேலை செய்யும் சகோதரிகளுக்கும் இதே மூன்றும்தான்: பசி, தாகம், தூக்கம்.

யுத்தம் விட்டுச் சென்றவை

என் பிழையைச் சொன்னதால், துயரத்துக்கும் தலைக்கும் சம்பந்தமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரவில் தூங்காத தலை நோகும். மகன் காணாமற்போன தாய் கழுத்தையும் தோளையும் இறுக்கியபடியே நாளைக் கழிக்கும்போது, தலையைச் சுற்றிப் பட்டி கட்டி இறுக்குவதுபோல இரண்டு பக்கமும் ஒரு மந்த வலி வரும். அது ஒற்றைத் தலையிடியைப் போலத் துடிக்காது, சத்தி வராது. ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம், அக்காவுக்கு இருந்ததுபோல. மனதைப் பற்றிப் பேச 1926 என்ற தேசிய மனநலத் தொலைபேசி இலக்கம் இருக்கிறது.

தலையில் அடிபட்ட பின் தொடங்கும் தலையிடி வேறு. ஷெல் வெடிப்பில் தூக்கி எறியப்பட்டவர்களும், வீட்டில் அடிபடுபவர்களும் இதை டொக்டரிடம் சொல்லத் தயங்குகிறார்கள். அடித்தது யார் என்று சொல்ல மனமில்லாவிட்டாலும், அடிபட்டது என்பதையாவது சொல்லுங்கள். பெரிய வைத்தியசாலைகளில் இருக்கும் நட்பு நிலையத்தில் (சிங்களத்தில் மிதுரு பியச) தனியாகப் பேசலாம்.

இன்னுமொன்று. உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் அதை முன்பே சொல்லிவிட வேண்டும். அந்த இயந்திரம் பலமான காந்தம். கண்ணுக்கோ மூளைக்கோ பக்கத்தில் இருக்கும் இரும்புத் துண்டை அது அசைத்துவிடும். சி.டி. ஸ்கேனுக்கு அந்தப் பயமில்லை.

காத்திருக்கக் கூடாத தலையிடி

மடுல்சீமைப் பக்கம் ஒரு பிள்ளை. எட்டு மாதக் கர்ப்பிணி. இரவு கடும் தலையிடி, கண் மங்கல் என்றிருக்கிறாள். இரண்டு பனடோலைக் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். விடியற்காலை வலிப்பு வந்தது. தாயைக் காப்பாற்றினார்கள், குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. கர்ப்பத்தின் ஐந்தாம் மாதத்துக்குப் பிறகும், பிள்ளை பெற்று ஆறு வாரம் வரையும், கடும் தலையிடியோடு பார்வை மங்கினால், நெஞ்சுக்குழிக்குக் கீழே நொந்தால், முகமும் கையும் வீங்கினால் அது இரத்த அழுத்த நோயாக இருக்கலாம். விடியும் வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

வாழ்நாளில் அனுபவிக்காத வேகத்தில் ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறும் தலையிடி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தது, கை கால் சோர்வு, வாய் கோணல் அல்லது பேச்சுக் குழறலோடு வருவது, தலையில் அடிபட்டு ஓரிரு நாளில் கூடிக்கொண்டே போவது, இவற்றுக்கும் அப்படியே. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்பியூலன்ஸ் வரும். வாகனம் ஏற முடியாத லயமென்றால் எந்த இடத்துக்குத் தூக்கி வருவதென்று முன்பே பேசி வையுங்கள். 50 வயதுக்குப் பிறகு முதன்முதலாகத் தொடங்கும் தலையிடியையும், காலையில் சத்தியோடு வந்து வாரத்துக்கு வாரம் கூடுவதையும் தாமதிக்காமல் கிளினிக்கில் காட்ட வேண்டும்.

அக்கா இப்போது 50ஐத் தாண்டிவிட்டார். மாதவிடாய் நின்ற பின் வலி இன்னும் குறைந்திருக்கிறது. மாதத்தில் ஓரிரண்டு நாள்தான் வருகிறது. அன்று டொக்டரம்மா சொன்னபடி, கடையில் சும்மா கிடைத்த கலண்டரில் தலையிடித்த நாளுக்கு வட்டம், குளிசை எடுத்த நாளுக்கு ஒரு கோடு, மாதவிடாய்க்குப் புள்ளி என்று போடத் தொடங்கியவர், இன்னும் நிறுத்தவில்லை. எழுத வாசிக்க அவ்வளவாகத் தெரியாதவர். ஆனால் அந்தக் கலண்டரைப் பார்த்து டொக்டர்மார் மருந்தைக் கூட்டிக் குறைத்தார்கள்.

போன மாதம் போயிருந்தேன். சுவரில் இரண்டு கலண்டர் தொங்கின. மற்றது மகளுடையது. ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள், அவளுக்கும் தொடங்கிவிட்டது. "நாலு வட்டம், ரெண்டே ரெண்டு கோடு" என்று காட்டினார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க போடுறீங்களா மிஸ்?" என்று கேட்டார்.

நான் போடுவதில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வரும்போது எனக்கும் ஒரு கலண்டரைச் சுருட்டித் தந்துவிட்டார்.